ஒரு வாரத்துக்குப் போட்ட கிளாம்ப்

"கைதான்" என்று சொன்னேன். "வண்டியில ஒண்ணும் இல்ல. கைதான்."

உரக்களத்தின் நடுவில் நின்று சொன்னேன். டீ நேரம், சல்லடை நின்றிருந்தது. முதலாளி என் எதிரில் நின்றார். சல்லடை மிஷின் ஓட்டுகிறவர், எடை போடுகிற அம்மா, பெல்ட்டில் பிளாஸ்டிக் பொறுக்கும் பெண்கள், லாரியின் மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் என்று எல்லோரும் கேட்டார்கள். அக்கா லோடருக்குப் பக்கத்தில் டீ கிளாஸுடன் நின்றிருந்தாள். அவளும் கேட்டாள்.

யாருடைய கை என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அந்த லோடரை ஒன்பது வருடமாக ஓட்டுகிறவள் என் அக்கா.

அந்தக் களத்துக்கு நகரத்தின் இலை தழையும் காய்கறிக் கழிவும் லாரியில் வரும். குவித்து, புரட்டி, ஆறு மாதம் மக்கவைத்து, சலித்து உரமாக்குவார்கள். புரட்டுவதும் அள்ளுவதும் அந்தக் குட்டி லோடர். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் திரும்பாது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் நின்று மறுபக்கம் ஓடினால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டு லீவர்கள். ஓட்டுவது, தூக்குவது, கொட்டுவது எல்லாம் அவற்றில்தான். லீவரைத் தள்ளினால் பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்பும், அந்த அழுத்தத்தில்தான் வண்டி அசையும். வண்டிக்கு இருபத்திரண்டு வயது. மெக்கானிக் நான்.

அக்கா ஓட்டுவதைப் பார்க்கப் புதிதாக வரும் லாரிக்காரர்கள் இறங்கி நிற்பார்கள். எடை போடுகிற அம்மாவுக்கு முழங்கால் வலி. அவருடைய கையுறை கீழே விழுந்தால் அக்கா வண்டியின் முன்னால் உள்ள பக்கெட்டின் நுனியால் அதை எடுத்து மேசை மேல் வைப்பாள். மேசை ஆடாது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் போன் செய்தாள்.

"வண்டி வெட்டி வெட்டி இழுக்குதுடா. லீவரை ஒரு நூல் தள்ளினா ஒண்ணும் ஆகல. இன்னொரு நூல் தள்ளினா குதிக்குது."

"ஆயில் பாத்தியா?"

"பாத்தேன். அளவா இருக்கு."

"சரி, வந்து பாக்கறேன்."

போகவில்லை. வேறு வேலை இருந்தது. அக்காதானே, பொறுத்துக்கொள்வாள். அந்த வாரம் லோடர் இடித்து ஒரு லாரியின் பின்விளக்கு உடைந்தது. அடுத்த வாரம் சல்லடையின் தகரம் நசுங்கி உள்ளே போனது. முதலாளியே போன் செய்தார். போனேன்.

அன்று காலை பத்து மணிக்கு மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சலவைச் சட்டை போட்டிருந்தேன். போகிற வழியில் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று கணக்கு.

முதலாளி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க மெக்கானிக். உங்ககிட்ட கேட்டு என்ன புண்ணியம்? உங்க அக்காவாச்சே. வண்டி மேலதான் பழியப் போடுவீங்க."

லாரி மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்கு எங்கோ தைத்தது.

நான் வரட்டும் என்று அன்று வண்டியை எடுக்கவில்லை, ராத்திரி முழுக்க நின்று ஆறியிருந்தது. ஏறி ஓட்டினேன். முன்னால், பின்னால், தூக்கு, கொட்டு. பத்து நிமிடம். வெண்ணெய் மாதிரி போனது. ஆயில் அளவு காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். அளவு சரி, நிறம் சரி. லீவரின் அடியில் ஆட்டம் இருக்கிறதா என்று பிடித்து உலுக்கினேன். இல்லை.

அக்கா கேபின் ஓரம் வந்தாள். "இப்ப நல்லாத்தான் போகும். சூடாகட்டும்டா. ஒரு மணி நேரம் ஓட்டிப் பாரு."

மணி ஒன்பதரை. பம்பையும் அதற்கு ஆயில் போகும் ரப்பர் ஹோஸையும் பார்க்க வேண்டுமானால் கேபினை முன்னாலிருந்து அவிழ்த்துப் பின்னால் சாய்க்க வேண்டும். இரண்டு நட். ஆனால் உள்ளே முழுக்க கிரீஸும் மக்கின குப்பையும். என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது அவள் கையில் இருந்த டீயைப் பார்த்தேன். மேல்பரப்பு லேசாக அதிர்ந்தது. இரண்டு வாரமாக அவள் உதறுகிற வண்டியில் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறாள். யார் கையும் நடுங்கும். அது எனக்குத் தெரியாததல்ல.

இறங்கினேன். கைதான் என்று சொன்னேன்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. என்னை ஒரு கணம் பார்த்தார். தோளில் தட்டினார். "நியாயமான ஆளுய்யா நீங்க. அக்கான்னும் பாக்கல."

பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை எனக்குள் இனித்துக்கொண்டே வந்தது. அதைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை.

*

அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. பெல்ட்டில் போட்டார்கள். சலித்த உரம் பெல்ட்டில் வரும். அதில் கிடக்கும் பிளாஸ்டிக், கம்பி, கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்க வேண்டும். லோடருக்கு ஒரு புது ஆள் வந்தான். ஆறரை அடி. கேபினுக்குள் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். எல்லோரும் ஒட்டகம் என்றார்கள். அவனும் கூப்பிட்டால் திரும்பினான்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கூடத்தில் செய்தித்தாளுடன் உட்கார்ந்திருந்தார். தரையில் அங்கங்கே ஈரம்.

"பாத்து வாங்க மாப்ள, வழுக்கும். உங்கக்கா தினம் மூணு வேளை வீட்டுக்குத் தண்ணி தெளிக்கறா. மழையே வேணாம் நமக்கு."

"சும்மா இருங்க" என்றாள் அக்கா.

சமையலறையிலிருந்து கூடம் வரை விளிம்பு நிறைந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். டாக்டர் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்த பயிற்சி. சிந்தும் சொட்டுகளை எண்ணிக் காலண்டரில் குறித்துவைக்கிறாள். மாமா காலண்டரைக் காட்டினார். பதினொன்று. ஒன்பது. பதினாலு.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேனே. ரத்தம் எடுத்தாங்க. நரம்புக்குன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போட்டா தூக்கம் தூக்கமா வருது."

"ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைன்னாங்க. ஆரம்பத்துல தெரியாதாம்."

அவள் எனக்கு டீ கொண்டுவந்தாள். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சின்னப் பிள்ளை பால் கொண்டுவருவது போல. அது முன்பு இல்லாத பழக்கம்.

"நீ சொன்னது நல்லதாப் போச்சுடா" என்றாள். "எனக்கே தெரியல பாரு. நான் பாட்டுக்கு வண்டி வண்டின்னு சொல்லிட்டு இருந்தேன். யார் மேலயாவது ஏத்தியிருந்தா?"

டீ குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. இன்னும் வேலை இருக்கிறது என்று கிளம்பினேன்.

*

ஒட்டகம் என் பட்டறைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, யாரும் இல்லையா என்று பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். வெளிய சொல்லக் கூடாது."

"சொல்லு."

வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். முறம் மாதிரி கை. "கொஞ்சம் பாருங்க. நடுங்குதா?"

"எதுக்கு?"

"நடுங்குதா இல்லையா, சொல்லுங்கண்ணே."

"இல்ல."

"நல்லாப் பாருங்க." இடது கையையும் நீட்டினான். "இது?"

"இல்லப்பா. கல்லு மாதிரி இருக்கு."

மூச்சு விட்டான். டயர் மேல் உட்கார்ந்தான். "அப்போ வண்டிண்ணே. வெட்டி வெட்டி இழுக்குது. காலைல ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் பேய் புடிச்ச மாதிரி. பக்கெட் தூக்கறப்ப ஒரு நிமிஷம் நிக்குது, அப்புறம் எகிறுது. முந்தாநாள் எடைக்காரம்மா மேசைய நகர்த்திட்டேன். அவங்க மேசையோட சேந்து நகந்துட்டாங்க."

"எத்தனை நாளா?"

"வந்த நாள்லேர்ந்து."

"மூணு வாரமாவா? ஏன் சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? சொன்னா நீங்க வருவீங்க. கைதான்னு சொல்லிடுவீங்க. நானும் பெல்ட்டுக்குப் போயிடுவேன். அந்த ஷெட்டுல எனக்குத் தலை இடிக்கும்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையான பயம். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "உங்கக்கா தினம் என்னைப் பாத்துட்டே இருக்காங்கண்ணே. பெல்ட்டுல நின்னுட்டு. நான் வண்டிய குதிக்க விடறப்பெல்லாம் தலையக் குனிஞ்சுக்கறாங்க. எனக்காக வெக்கப்படற மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

*

ஞாயிறு களத்தில் யாரும் இல்லை. குவியல்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒட்டகம் வண்டியை ஓட்டினான். நான் கல் மேல் உட்கார்ந்து பார்த்தேன். அழுக்குச் சட்டைதான் போட்டிருந்தேன்.

ஐம்பது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பம்பிலிருந்து ஒரு சத்தம். கொசு காதுக்குள் போனது போல மெல்லிய சத்தம். பக்கெட் பாதியில் நின்று எகிறியது. வண்டி திரும்பும்போது முன்சக்கரம் இரண்டு முறை துள்ளியது.

"பாத்தீங்களா?" என்று கத்தினான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே நுரை. மோர் கடைந்த மாதிரி. ஆயிலோடு காற்று கலந்திருக்கிறது. காற்று கலந்தால் லீவர் சொல்வதை வண்டி கேட்காது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அமுங்கி, பிறகு விரியும். அதுதான் அந்த எகிறல்.

வண்டியை நிறுத்தினால் அரை மணியில் நுரை அடங்கிவிடும். ஆறின வண்டியில் காலையில் பார்த்தால் ஆயில் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் பார்த்த அன்று இருந்தது போல.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. டேங்கிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஹோஸில் எங்காவது இடைவெளி இருக்க வேண்டும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது. அதனால் ஆயில் அளவும் குறையாது.

இன்ஜினை நிறுத்தி இரண்டு நட்டைக் கழற்றினோம். கேபினைச் சாய்த்துக் கம்பி கொடுத்து நிறுத்தினோம். மறுபடி இன்ஜினைப் போடச் சொன்னேன். பையிலிருந்து ஷேவிங் க்ரீமை எடுத்து, பிரஷ்ஷால் கெட்டியாக நுரைத்தேன்.

"யாருக்குண்ணே ஷேவிங்?" என்றான் ஒட்டகம்.

"இதுக்குத்தான்."

ஹோஸின் இணைப்புகளில் நுரையைப் பூசினேன். முதலில் டேங்கின் பக்கம். நுரை அப்படியே நின்றது. அடுத்து ஃபில்டர். நின்றது. பிறகு பம்பின் வாயில், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைச் சுற்றி.

அங்கே நுரை அசைந்தது. ஒரு இடத்தில் குழி விழுந்தது. குழி ஆழமானது. நுரை மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

துணியால் துடைத்தேன். துடைக்காமலே எனக்குத் தெரியும்.

அந்த ஹோஸை மாற்றியவன் நான். நான்கு மாதம் முன்பு. அன்று பெரிய கிளாம்ப் கையில் இல்லை. கடை தூரம். குவியல் சூடேறிக்கொண்டிருந்தது, உடனே புரட்டாவிட்டால் பற்றிக்கொள்ளும் என்று முதலாளி தவித்தார். இரண்டு சின்ன கிளாம்ப்புகளை அவிழ்த்து, ஒன்றின் வாலை மற்றொன்றின் திருகில் கோத்து, ஒரு பெரிய கிளாம்ப்பாக்கிப் போட்டேன். மெக்கானிக் எல்லோரும் செய்வதுதான். இறுகும். ஆனால் இரண்டு திருகும் உட்காரும் இடத்தில் பட்டை வளையாது. அந்த இடத்தில் ஹோஸ் மேல் பிடி இருக்காது. ஹோஸ் சூடாகி இளகினால் அங்கே வாய் திறக்கும்.

அன்று டார்ச் பிடித்தது அக்கா. "ரெண்டையும் சேத்துப் போட்டா நிக்குமாடா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் நிக்கும். அதுக்குள்ள வந்து மாத்திடறேன்."

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதலாளி முன்னால் சலவைச் சட்டையில் நின்ற காலையில் அந்த கிளாம்ப் ஞாபகத்துக்கு வந்தது. வெட்டி இழுக்கிறது என்று அக்கா போனில் சொன்னபோதே வந்தது. இரண்டு முறையும் தள்ளிவிட்டேன். கேபினைச் சாய்த்தால் எல்லோர் முன்னாலும் அது தெரியும். அக்காவுக்குச் சாதகமாகப் பேசுகிறவன் என்ற பேரும் வரும், அரைகுறை வேலை செய்தவன் என்ற பேரும் வரும். கைதான் என்றால் இரண்டும் வராது.

ஒட்டகம் குனிந்து பார்த்தான். "இது யாருண்ணே போட்டது?"

"யாரோ."

"யாரோ ஒரு அறிவு கெட்டவன்."

"ஆமா" என்றேன்.

பையில் சரியான கிளாம்ப் இருந்தது. ஹோஸ் மாற்றிய அடுத்த வாரமே வாங்கியது. மூன்று மாதத்துக்கும் மேலாக ஸ்பானர்களுக்கு அடியில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. உறையைப் பல்லால் கிழித்தேன். போட்டு இறுக்கினேன். மொத்தம் எட்டு நிமிடம்.

கேபினை இறக்கி, வண்டியை ஓடவிட்டு, பக்கெட்டை மெதுவாக இருபது முறை தூக்கி இறக்கச் சொன்னேன். காற்று வெளியேறியது. கொசுச் சத்தம் நின்றது. ஒரு மணி நேரம் ஓட்டினான். ஒரு துள்ளல்கூட இல்லை. ஒட்டகம் கேபினிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"உயிர் வந்துச்சுண்ணே. நீங்க பெரிய ஆளு."

பழைய ஜோடிக் கிளாம்ப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். குப்பைத் தொட்டியில் போட்டால் யாராவது பார்ப்பார்கள்.

*

திங்கட்கிழமை காலையிலேயே முதலாளிக்குப் போன் செய்தேன். "ஹோஸ் காத்து இழுத்திருக்கு சார். பழைய வண்டிதானே. சரி பண்ணிட்டேன். அக்கா கை மேல தப்பு இல்ல."

ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் உண்மை.

"அட, அப்படியா?" என்றார். "சரி, அம்மா ஏறட்டும். அந்த நெட்டைய லாரிக்கு மாத்திடலாம். நீங்களே கண்டுபிடிச்சுச் சொன்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம். வேற ஆளா இருந்தா மூடி மறைச்சிருப்பான்."

அன்று மாலை ஐந்து மணிக்கு அக்கா நேராக வேலையிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். உடம்பெல்லாம் உர வாசம். வாசலில் நின்றே என் மனைவியைக் கூப்பிட்டாள். மகளைக் கூப்பிட்டாள்.

"உங்கப்பன் என்ன பண்ணினான் தெரியுமா? ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல போய், வண்டியப் பிரிச்சு, எனக்காகத் தேடியிருக்கான். எனக்கே தெரியாது. அந்த நெட்டைப் பையன் சொன்னான். நுரையப் பூசிக் கண்டுபிடிச்சானாம். களத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தம்பிதான்னு. எடைக்காரம்மா அழுதுட்டாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பதினோரு வயது. அப்படி அவள் என்னைப் பார்த்து நாளாகிறது.

"உக்காருங்க அண்ணி" என்றாள் மனைவி.

"இல்லம்மா. குளிக்கணும். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." கையை நீட்டிக் காட்டினாள். "பாரு. இன்னிக்கு ஏழு மணி நேரம் ஓட்டினேன். பாரு."

கை அசையவில்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்" என்றேன்.

தெருவில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மாத்திரையை நிறுத்தலாமா, டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டுமா. போனில் சொன்னதும் மாமா காலண்டரைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். நான் ம் என்றேன். டெய்லர் கடை, இரும்புக் கடை, மூடிக் கிடந்த பேங்க் எல்லாவற்றையும் தாண்டினோம். ஒவ்வொரு கடையிலும், அடுத்த கடை வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாப் வந்துவிட்டது.

"அக்கா, அது ஹோஸ் இல்ல."

"பின்ன?"

"கிளாம்ப்."

"என்ன கிளாம்ப்?"

"நீ டார்ச் புடிச்சியே."

அவள் உடனே புரிந்துகொண்டாள். அவளுக்கு மிஷின் தெரியும். முகத்தில் சிரிப்பு இன்னும் மீதி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அத மாத்தவே இல்லையா நீ?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

இங்கே நான் ஆமாம் என்றிருக்கலாம். அவள் மன்னித்திருப்பாள். அந்த வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்தாள். தலையை மட்டும் அசைத்திருந்தால் போதும்.

"இல்ல. கைதான்னு சொன்ன அன்னிக்கு ஞாபகம் இருந்துச்சு."

பஸ் வந்தது. நின்றது. அவள் ஏறவில்லை. போனது.

"டாக்டர் கேட்டாருடா" என்றாள். "எப்பலேர்ந்து நடுங்குதுன்னு. நான் தேதி சொன்னேன். நீ சொன்ன தேதி. அதுக்கு முன்னாடி எதுவும் எனக்கு ஞாபகம் வரல."

"அக்கா..."

"சும்மா இரு."

பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். அவள் தன் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். அடிபட்ட கையை வைத்துக்கொள்வது போல.

"ஒரு மாசம் அந்தப் பெல்ட்டுல நின்னேன். தண்ணி டம்ளரத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்தேன். அவரு சிரிக்க வெச்சாரு, சிரிச்சேன். இன்னிக்கு ஊரெல்லாம் போய் என் தம்பி என் தம்பின்னு சொல்லியிருக்கேன்." நிறுத்தினாள். "உன் பொண்ணு முன்னாடி சொன்னேன்."

"நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

"போன்லயா?"

பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"அன்னிக்கு எத்தனை பேரு கேட்டாங்க? நீ சொன்னப்ப?"

"எல்லாரும்."

அடுத்த பஸ் வந்தது. எழுந்தாள். படியில் ஏறி, திரும்பாமல் சொன்னாள். "ஏழு மணிக்கு லோடரை எடுப்போம். அதுக்கு முன்னாடி வா."

*

ஆறரைக்கே போய்விட்டேன். களம் விழித்துக்கொண்டிருந்தது. லாரி ஒன்று கொட்டிவிட்டு நின்றது. பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு பெல்ட் பக்கம் போனார்கள். சல்லடை ஓட ஆரம்பித்தது. அதன் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே பாதிதான் கேட்கும்.

அக்கா லோடரில் சாய்ந்து நின்றாள். ஏறவில்லை. ஏழு ஐந்துக்கு முதலாளி வந்தார்.

"என்னம்மா, ஏறல? வண்டி மறுபடி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லா இருக்கு சார். தம்பி ஏதோ சொல்லணுமாம்."

எடை போடுகிற அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல செய்தியை எதிர்பார்க்கிற சிரிப்பு. ஒட்டகம் லாரியின் பக்கவாட்டில் சாய்ந்திருந்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். பெல்ட்டிலிருந்து இரண்டு பெண்கள் கையுறையோடு வந்து நின்றார்கள்.

சொன்னேன். கிளாம்ப்பை நான் போட்டது. ஒரு வாரம் என்று சொன்னது. சரியான கிளாம்ப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மாற்றாமல் விட்டது. அன்றைக்குக் கேபினைத் திறக்காதது. கிளாம்ப் ஞாபகம் இருந்தும் கை என்று சொன்னது. வீட்டில் நான் அதை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். சொல்லும்போது வரிசை குலைந்தது. சட்டையைப் பற்றியும் ஏதோ சொன்னேன். எதற்கு என்று தெரியவில்லை.

எடைக்கார அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தன் மேசையைப் பார்த்தார்.

ஒட்டகம்தான் முதலில் பேசினான். "அண்ணே, அன்னிக்கு நான் வாய் தவறி அறிவு கெட்டவன்னு..."

"சரியாத்தான் சொன்ன."

"நீங்களும் ஆமான்னீங்களே!"

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

 முதலாளி சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார். "உங்களை நான் நியாயமான ஆளுன்னு நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன்யா" என்றார். "பக்கத்துக் குவாரிக்காரன்கிட்டகூட. அவன் தன் வண்டியெல்லாம் உங்ககிட்டதான் விடறான் இப்போ." பிறகு, "டூல் ஷெட் சாவி உங்ககிட்ட ஒண்ணு இருக்கில்ல. மேசை மேல வெச்சுட்டுப் போங்க."

வைத்தேன். மேசை மேல் அது சின்னச் சத்தம் போட்டது. எடைக்கார அம்மா அதைத் தொடாமல் நோட்டை நகர்த்திக்கொண்டார்.

திரும்பினேன். அக்கா இன்னும் வண்டியில் ஏறவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. சல்லடை ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பெல்ட்டின் அந்தப் பக்கம், ஒரு மாதம் அவளோடு நின்ற ஆறு பெண்கள், நடப்பது என்னவென்று புரியாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மிஷின்காரர் காதில் கையை வைத்துக் காட்டினார்.

"அவங்களுக்குக் கேக்கல" என்றாள் அக்கா.

"அக்கா, நீயே அப்புறம்..."

"நான் எதுக்குச் சொல்லணும்?" சல்லடைக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "அண்ணே! மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க!"

உருளை மெதுவாகி நின்றது. பெல்ட் நின்றது. அதன் மேல் பாதி வழியில் இருந்த உரமும் நின்றது. அத்தனை பெரிய களத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. பெண்கள் ஷெட்டை விட்டு வெளியே வந்து வரிசையாக நின்றார்கள்.

"இப்ப சொல்லு" என்றாள் அக்கா. "சத்தமா."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.